செல்ஃப் எடுக்காத வண்டியும் பிடிக்காத இன்ஜினும்: எல்லையோர மலைச்சாலைகளில் கார் வைத்திருப்போருக்கு

கம்பத்திலிருந்து குமுளிக்கும், போடியிலிருந்து பூப்பாறைக்கும், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கும் நாள்தோறும் ஏறி இறங்கும் கார்கள் இருவகைத் தட்பவெப்பத்தில் வாழ்கின்றன. அடிவாரத்து வெயிலில் பேட்டரியின் உட்பகுதி மெல்ல மெல்லத் தேய்கிறது. ஆனால் அந்தத் தேய்மானம் வெயிலில் வெளியே தெரிவதில்லை. வண்டிப்பெரியாறிலோ மூணாறிலோ ஓரிரவு குளிரில் நின்ற பிறகு, இன்ஜின் எண்ணெய் கெட்டியாகி, பேட்டரி தரக்கூடிய மின்னோட்டமும் குறைந்துபோன விடியற்காலையில்தான் அது தெரியவருகிறது. அந்த நேரத்தில் சாவியைத் திருப்பும் எவரும் முதலில் சொல்வது, "பேட்டரி போயிருக்கும்" என்பதுதான். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத வேளைகளில், புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுத்த மறுவாரமே வண்டி மறுபடியும் அதே இடத்தில் நிற்கும். சாவியைத் திருப்பும்போது என்ன ஒலி வருகிறது என்று கேட்டு, மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளந்து, அதன் பிறகே பணம் செலவழிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை வலியுறுத்தும் முறை.

இதற்குத் தேவையான கருவிகள் மிகக் குறைவு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எண் ஸ்பேனர், தடித்த செம்பு இழைகள் கொண்ட ஜம்பர் கேபிள், ஒரு டார்ச், உப்புத்தாள், மாற்று பியூஸ்கள் ஆகியவை போதும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஜம்பர் கேபிள்களை வாங்க வேண்டாம். உறை தடியாக இருந்தாலும் உள்ளே செம்பு குறைவாக இருப்பதால், இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குத் தேவையான மின்னோட்டத்தை அவற்றால் கொண்டு செல்ல முடியாது.

வண்டி மலைச்சாலையில் நின்றிருந்தால், பானட்டைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. கைப் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு அடியில் பெரிய கல் ஒன்றை வையுங்கள். கல் இறக்கத்தின் பக்கமாக இருக்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தை, வளைவுக்குப் பின்னால் வரும் வண்டியோட்டி முன்கூட்டியே பார்க்கும் தொலைவில் வையுங்கள். பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுக்கு உள்ளேயே அதை வைத்தால் பயன் இல்லை. இன்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். ஆகவே இறக்கத்தில் உருட்டிக்கொண்டே போய் ஸ்டார்ட் செய்துவிடலாம் என்ற எண்ணம் குமுளி இறக்கத்திலும் போடிமெட்டு இறக்கத்திலும் உயிருக்கு ஆபத்தானது. சின்னக்கானல் பக்கம், தேக்கடிக் காட்டுப் பக்கம் போன்ற யானை நடமாட்டமுள்ள இடங்களில் இரவில் நின்றுவிட்டால், கீழே இறங்கி வேலை பார்க்காமல் கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்து உதவிக்கு அழையுங்கள். அவசர உதவிக்கு 112, தேசிய நெடுஞ்சாலைகளில் 1033.

ஒலியைக் கேட்டு வகை பிரித்தல்

வானொலி, ஏசி, விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஒரே ஒரு முறை சாவியைத் திருப்புங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். எந்த ஒலியும் இல்லாமல் அமைதியாக இருக்கலாம். "டக்" என்று ஒரு தடவையோ, "டக டக டக" என்று தொடர்ந்தோ ஒலித்து நின்றுவிடலாம். அல்லது செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காமல் போகலாம். முதல் இரண்டும் பெரும்பாலும் மின்சாரம் தொடர்பானவை. மூன்றாவது எரிபொருள், தீப்பொறி, காற்று, சென்சார் ஆகியவை தொடர்பானது. செல்ஃப் நன்றாகச் சுற்றும் வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்குவதும், செல்ஃப் எடுக்காத வண்டிக்கு டாங்கிலிருக்கும் பெட்ரோல் பம்பைக் கழற்றுவதும் இந்த வகைப் பிரிப்பைச் செய்யாததால் வரும் வீண் செலவுகள்.

எந்த வகையானாலும் ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடியுங்கள். ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃபைச் சுற்ற விடாதீர்கள். அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். பதற்றத்தில் விடாமல் சுற்றினால், சிறிய கோளாறோடு சேர்ந்து செல்ஃப் மோட்டாரும் கருகும், பேட்டரியும் தீரும்.

முழு அமைதி

சாவியைத் திருப்பியும் ஒலியே இல்லையென்றால், டாஷ்போர்டில் விளக்குகள் எரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். அவையும் எரியவில்லையென்றால், பேட்டரி அடியோடு தீர்ந்திருக்கலாம், டெர்மினல் (பேட்டரியில் ஒயர் இணையும் முனை) கழன்றிருக்கலாம், முதன்மை பியூஸ் போயிருக்கலாம். இவற்றுக்கான சோதனை அடுத்த பகுதியில் வருகிறது.

விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லையென்றால், வண்டியே வேண்டுமென்று செல்ஃபைத் தடுத்து வைத்திருக்கக்கூடும். இப்போதைய கார்கள் பலவற்றில் கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். தரைவிரிப்பு மடிந்து கிளட்சுக்கு அடியில் சிக்கியிருந்தால்கூட அது தடைபடும். கிளட்ச் மிதி இல்லாத ஏ.எம்.டி. வண்டிகளில் கியர் நியூட்ரலில் இருந்து, பிரேக்கையும் மிதிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க்கிங் நிலையில் எடுக்கவில்லையென்றால் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். நியூட்ரலில் மட்டும் எடுத்தால், கியர் நிலையைக் காட்டும் சுவிட்சில் கோளாறு என்று பொருள்.

சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணாவிட்டால், பல வண்டிகளில் சாவி வடிவ விளக்கோ பூட்டு வடிவ விளக்கோ விட்டுவிட்டு எரியும். சில வண்டிகளில் செல்ஃபே எடுக்காது. வேறு சிலவற்றில் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. மாற்றுச் சாவியைக் கொண்டு முயன்று பாருங்கள். பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டியாக இருந்தால், சாவிக்குள் இருக்கும் சிறு வட்ட பேட்டரி தீர்ந்திருக்கலாம். அப்போது சாவியையே அந்தப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கையோ கிளட்சையோ மிதித்தபடி அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் எடுத்துக்கொள்ளும். வழியில் நிற்பவர்களில் பலர் இந்த வழி தெரியாமலேயே மெக்கானிக்குக்குக் காத்திருக்கிறார்கள்.

இவை எல்லாம் சரியென்றால் பியூஸ் பெட்டியைத் திறந்து, செல்ஃபுக்குரிய பியூசையும் ரிலேயையும் (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) பாருங்கள். மூடியின் உட்புறத்தில் எது எங்கே என்ற படம் இருக்கும். ஹாரன் ரிலேயும் செல்ஃப் ரிலேயும் ஒரே எண் கொண்டவையாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்திச் சோதிக்கலாம். செல்ஃப் எடுத்து ஹாரன் ஊமையானால், குற்றவாளி அந்த ரிலேதான்.

டக் என்ற ஒலி: பேட்டரியா, டெர்மினலா, செல்ஃபா

பெரும்பாலான காலைநேரக் கோளாறுகள் இந்த வகையில்தான் அடங்கும். வீண் செலவுகளும் இங்கேதான் அதிகம். ஆகவே சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் மீட்டர் இல்லாமலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, வண்டியின் முன்னால் ஒருவரை நிறுத்தி, சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைந்துபோனால் பேட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது அதன் இணைப்பு மோசமாக இருக்கிறது. விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்து, "டக்" என்று மட்டும் கேட்டால், மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குள் போகவே இல்லை.

இனி மீட்டர். அதை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸ்ஸிலும் வையுங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.8-க்குக் கீழே போனால் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. மற்றபடி நன்றாயிருக்கும் ஒரு பேட்டரி 10.5 வோல்ட்டை ஒட்டியே நின்று, சார்ஜ் போட்டாலும் மேலே ஏற மறுத்தால், அதன் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

நின்ற நிலையில் 12.5 காட்டுவதை வைத்தே பேட்டரி நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, உடன் இருப்பவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், அந்தப் பேட்டரியால் பாரத்தைத் தாங்க முடியவில்லை. முதலில் அதை முழுச் சார்ஜ் செய்து மறுபடியும் சோதியுங்கள். அப்போதும் சரிந்தால் மாற்றுங்கள். அளவு 12-ஐ விட்டு இறங்காமல் "டக்" என்று மட்டும் கேட்டால், குற்றம் பேட்டரியில் இல்லை.

இந்த இடத்தில் நுட்பமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீட்டர் முனையை எங்கே வைத்து அளக்கிறோம் என்பது மிக முக்கியம். பேட்டரியின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயக் குமிழ் வேறு, அதைக் கவ்விப் பிடித்திருக்கும் உலோக வளையம் வேறு. முதலில் இரண்டு ஈயக் குமிழ்களிலும் முனைகளை வைத்து, சாவியைத் திருப்பும்போது அளந்து பாருங்கள். பிறகு இரண்டு வளையங்களில் வைத்து அதையே செய்யுங்கள். குமிழில் 12 காட்டி வளையத்தில் 6 அல்லது 7 காட்டினால், பாதி மின்னழுத்தம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியிலேயே தின்னப்படுகிறது. மழைக்காலம் நீளும் மலைப்பகுதியில் இது அடிக்கடி நேர்கிறது. வளையத்தை அகற்றிப் பார்த்தால், குமிழின் மேல் மங்கிய சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். வெளியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் தூள் எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருக்கும் அந்தப் படலம்தான் செல்ஃபை நிறுத்துகிறது. வெளிப்புறம் சுத்தமாக இருப்பதாலேயே டெர்மினல் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

அதைச் சரிசெய்வது எளிது. முதலில் மைனஸ் வளையத்தைக் கழற்றுங்கள், பிறகு ப்ளஸ். ப்ளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டால் பெருந்தீப்பொறி எழும். சமையல் சோடா ஒரு கரண்டியை வெந்நீரில் கலந்து ஊற்றினால் பூத்திருக்கும் தூள் நுரைத்துக் கரையும். அந்த நீர் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பிறகு குமிழின் வெளிப்புறத்தையும் வளையத்தின் உட்புறத்தையும் உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேயுங்கள். மாட்டும்போது ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில். முறுக்கிய பிறகு கையால் திருகிப் பாருங்கள், மயிரிழைகூட அசையக் கூடாது. மேலே சிறிது வாசலின் தடவிவிட்டால் ஈரம் அண்டாது.

எர்த் ஒயரை யாரும் நினைப்பதில்லை. பேட்டரியின் மைனஸ்ஸிலிருந்து வண்டியின் உடம்புக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த ஒயரின் மறுமுனை துருப்பிடித்திருந்தாலும் இதே "டக்" ஒலிதான் வரும். சோதிப்பதற்கு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் குமிழிலும் மறுமுனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, அடியிலுள்ள துருவைச் சுரண்டி, மறுபடி இறுக்குங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவு கிடையாது.

இணைப்புகள் அனைத்தும் சரியாக இருந்து, பாரத்திலும் பேட்டரி தாங்கி, "டக்" மட்டும் தொடர்ந்தால், கோளாறு செல்ஃப் மோட்டாரிலோ, அதற்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சோலனாய்டிலோ இருக்கிறது. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கைப் போட்டு, ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றவர் வீல் ஸ்பேனரின் முனையால் செல்ஃப் மோட்டாரின் உடம்பை மெல்லத் தட்டினால் அது எடுத்துக்கொள்ளும். இது வீடு போய்ச் சேருவதற்கான வழி மட்டுமே. அன்றே ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் காட்டிப் பிரஷ்ஷை மாற்றிவிட வேண்டும். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்து சோலனாய்டை நேராக இயக்குவதைச் சிலர் செய்வார்கள். கியரில் இருக்கும் வண்டி அப்படியே ஆள் மேல் ஏறிவிடும் என்பதால் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பேட்டரி ஏன் தீர்ந்தது

பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று தெரிந்தவுடன் சார்ஜ் போட்டு ஓட்டத் தொடங்குபவர்களே அதிகம். ஏன் தீர்ந்தது என்று கணக்குப் பார்த்தால்தான் கோளாறு முடியும். சிறிய பெட்ரோல் காரில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது ஓர் ஆம்பியர் வீதம் ஏறத்தாழ 35 மணி நேரம் தரக்கூடியது, இருக்கும். இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்கள் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அணைக்க மறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். அது பேட்டரியின் குற்றம் இல்லை. ஆனால் 5 வாட் உள்விளக்கு அரை ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் 5 ஆம்பியர்-மணிதான் போகும். உள்விளக்கு ஓரிரவு எரிந்ததால் மட்டும் செல்ஃப் எடுக்காமல் போனால், அந்தப் பேட்டரி ஏற்கெனவே முடியும் நிலையில் இருந்தது.

எதுவும் எரியாமலேயே தீர்ந்தால், நின்றிருக்கும் வண்டியில் எங்கேயோ கசிவு இருக்கிறது. மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மைனஸ் குமிழுக்கும் கழற்றிய மைனஸ் ஒயருக்கும் நடுவில் இணையுங்கள். வண்டியைப் பூட்டி அரை மணி நேரமாவது விட்டால் உள்ளிருக்கும் கணினிகள் உறங்கிவிடும். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால், பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தவுடன் அளவு விழுகிறதோ அந்த வழியில் கோளாறு. பின்னர் பொருத்திய மியூசிக் சிஸ்டம், ஜி.பி.எஸ். கருவி, டேஷ் கேமரா ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவோ கதவுகளைத் திறந்து மூடவோ கூடாது. மீட்டரின் பியூஸ் போய்விடும்.

ஒழுங்கான வண்டிகூட 50 மில்லி ஆம்பியர் இழுத்தால், நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். இரண்டு வாரத்தில் சிறிய பேட்டரியில் பாதி காலி. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை முழுவதும் ஷெட்டில் நிற்கும் கார்களும், வெளிநாட்டில் இருப்பவர் விடுமுறைக்கு மட்டும் எடுக்கும் கார்களும் ஸ்டார்ட் ஆகாததற்கு இந்தக் கணக்கே காரணம். மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டால் இது நேராது.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு பேட்டரியில் மறுபடியும் அளக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. 12.5-ஐத் தாண்டாமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. புதுப் பேட்டரி போட்டாலும் அடுத்த நாள் நிற்கும். எரிபொருள் மிச்சப்படுத்துவதற்காக ஆல்டர்னேட்டரை அவ்வப்போது ஓய்வெடுக்க விடும் புதிய வண்டிகளில் இந்த அளவு ஏறி இறங்கும் என்பதால், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளப்பது நல்லது.

இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்தல்

இரு வண்டிகளும் 12 வோல்ட் பேட்டரி கொண்டவையாக இருக்க வேண்டும்; 24 வோல்ட் லாரியிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். சிவப்புக் கேபிளை முதலில் தீர்ந்த பேட்டரியின் ப்ளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டி, அதன் மறுமுனையை நின்றுபோன வண்டியின் இன்ஜினில், பேட்டரியிலிருந்து தள்ளியிருக்கும் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் தீப்பொறி வரும். பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு தேங்கியிருக்கலாம் என்பதால்தான் அந்த முனையைத் தள்ளி மாட்டச் சொல்கிறோம். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். உப்பியோ விரிசல் விட்டோ இருக்கும் பேட்டரிக்கு இதைச் செய்யவே கூடாது. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது மாட்டிய வரிசைக்கு நேர் எதிர்வரிசை.

இப்படி ஓடத் தொடங்கிய வண்டியைக் கடைத்தெருவரை ஓட்டிவிட்டு அணைத்தால் மறுபடியும் எடுக்காது. ஆழமாகத் தீர்ந்த பேட்டரியைச் சார்ஜரில்தான் நிரப்ப வேண்டும். 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் வீதம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அவசரச் சார்ஜ் என்று அதிக மின்னோட்டத்தில் ஏற்றுவது பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய கார்களுக்கும் ஏலக்காய்த் தோட்ட ஜீப்புகளுக்கும் பொருந்தும். இன்றைய கார்களில் பெட்ரோல் பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், அடியோடு தீர்ந்த பேட்டரியோடு எவ்வளவு தள்ளினாலும் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இதற்கு வழியே இல்லை.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பெட்ரோல் வண்டியில் சாவியை ஸ்டார்ட் நிலைக்குக் கொண்டுபோகாமல் அதற்கு முந்தைய நிலையில் நிறுத்தி, பின் இருக்கையின் பக்கம் காதைக் கொடுங்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி "ஊங்" என்று ஒலித்து நிற்க வேண்டும். ஒலி இல்லையென்றால் பம்பின் பியூசையும் ரிலேயையும் பாருங்கள். சரியாக இருந்தால் பம்பே போயிருக்கலாம். ஒருவர் டாங்கின் அடிப்பகுதியைக் கையால் தட்ட, மற்றவர் ஸ்டார்ட் செய்தால் சில வேளைகளில் பம்ப் சுற்றத் தொடங்கும். அப்படிப் பிடித்தால் பம்பை மாற்றும் காலம் வந்துவிட்டது.

மலையில் மட்டும் நேரும் ஒரு காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். டாங்கில் எரிபொருள் குறைவாக இருக்கும்போது சரிவில் வண்டியை நிறுத்தினால், இருக்கும் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பின் உறிஞ்சும் வாய் வெறுமையாகிவிடும். எரிபொருள் முள் இன்னும் சற்று மேலேயே இருக்கும். ஆனால் இன்ஜின் பிடிக்காது. சமதளத்துக்கு வண்டியைத் தள்ளினாலோ, ஐந்து லிட்டர் ஊற்றினாலோ தீர்ந்துவிடும். சி.என்.ஜி. வண்டிகளும் பெரும்பாலும் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகின்றன. பெட்ரோல் டாங்கை வறண்டுபோக விடுபவர்கள் இதனால் நின்றுபோகிறார்கள். இப்போது விற்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் தன்மை உடையது. மழைமாதங்களில் பாதி டாங்கோடு நீண்டகாலம் நிற்கும் வண்டியில் புதிதாகச் சிறிது பெட்ரோல் ஊற்றிப் பார்ப்பது நல்லது.

பலமுறை முயன்ற பிறகு பெட்ரோல் வாடை அடித்தால், தீப்பொறி தரும் பிளக்குகள் நனைந்துவிட்டன. ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடித்தபடி ஐந்து முதல் பத்து நொடி செல்ஃபைச் சுற்றுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அந்த நிலையில் பெட்ரோல் நின்று காற்று மட்டும் உள்ளே போகும். பிடித்தவுடன் காலை எடுத்துவிடுங்கள்.

செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள்ளைக் கவனியுங்கள். பல வண்டிகளில் அது சற்றே அசையும். முற்றிலும் அசையாமல் கிடந்தால், இன்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் பொசிஷன் சென்சாரைச் சந்தேகிக்கலாம். சூடான இன்ஜின் எடுக்காமல், அரை மணி நேரம் ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பிடித்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. துளையில் சிறிய புளூடூத் கருவியைச் செருகி, கைப்பேசிச் செயலியில் கோளாறு எண்ணைப் படிக்கலாம். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் வழியில் கோளாறு. பி0087 என்றால் எரிபொருள் அழுத்தம் போதவில்லை. அந்த எண் கோளாறு இருக்கும் பக்கத்தைக் காட்டுகிறதே தவிர, அந்தச் சென்சாரையே உடனே மாற்று என்று சொல்வதில்லை. ஒயரை எலி கடித்திருந்தாலும் அதே எண் வரும். ஏலக்காய் ஸ்டோர், நெல் களம், மாட்டுக் கொட்டகை பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் பானட்டைத் திறந்தவுடன் எலிப் புழுக்கையையும் கடிபட்ட ஒயரையும் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மழையில் நனைந்தோ, இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியோ பிடிக்கவில்லையென்றால், பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களைக் கழற்றி, பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா பார்த்துத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். அந்த மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகளில் அதன் மூடியைத் திறந்து உட்புறத்தைத் துடைத்தாலே போதும்.

செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாததுபோல் ஒரே சீராகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினாலோ தள்ளினாலோ வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும் இன்ஜின்கள் உண்டு.

டீசல் வண்டிகள்

குளிர்ந்த காலையில் டாஷ்போர்டில் சுருள் கம்பி வடிவ விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக் கெட்டிருந்தால் அடிவாரத்தில் தடையின்றி எடுக்கும் வண்டி மலையில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு திணறும். டீசல் தீர்ந்து நின்றாலோ, ஃபில்டர் மாற்றினாலோ உள்ளே ஏர் பிடித்துவிடும். ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கைப் பம்பை, கல்போல் இறுகும்வரை அழுத்திய பிறகே செல்ஃபைச் சுற்ற வேண்டும். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததாக விளக்கு காட்டினால், அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிடுங்கள். பழைய ஜீப்பில் குழாய் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் வழக்கத்தை, இன்றைய டீசல் வண்டிகளில் இருக்கும் காமன் ரெயில் இன்ஜினில் செய்யாதீர்கள். அதன் குழாய்களில் 1,000 பாருக்கு (காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு) மேற்பட்ட அழுத்தம் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். டீசல் வண்டியில் தவறிப்போய்ப் பெட்ரோல் நிரப்பப்பட்டிருந்தால் சாவியை முதல் நிலைக்குக்கூடத் திருப்பாமல், டாங்கைக் காலி செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டி

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் முழுவதும் எண்ணற்ற கார்கள் மூழ்கின. ஏர் ஃபில்டர் அளவுக்குத் தண்ணீர் ஏறிய வண்டியில், அது எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும், சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் சுருங்காது. பிஸ்டன் மேலேறும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் வடிந்த பிறகு திருப்பிய அந்த ஒரு திருப்பலே பெருஞ்செலவுக்குக் காரணமாகிறது. சாதாரணக் காப்பீடு இவ்வாறு பின்னர் நேரும் இன்ஜின் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. மைனஸ் ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கும் நிலையைப் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, இழுத்துச் செல்லுங்கள். மெக்கானிக் பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றி, எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மெக்கானிக்கை அழைக்கும்போது, "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்பதோடு நிறுத்தாமல், என்ன ஒலி வந்தது, நின்ற நிலையில் எத்தனை வோல்ட், சுற்றும்போது எத்தனை வோல்ட், எந்த விளக்கு எரிந்தது, சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா என்பவற்றைச் சொல்லுங்கள். மலையாளம் பேசும் மெக்கானிக்கானால் இந்த எண்களைக் கைப்பேசியில் எழுதி அனுப்பிவிடலாம். தேவையான ரிலேயோ பேட்டரியோ அவர் கையோடு கொண்டுவருவார், நாற்பது வளைவு ஏறி வந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, மாற்றிய பிறகு அதே இடத்தில் அதே அளவை அவர் முன்னிலையிலேயே எடுத்துப் பாருங்கள். இழுத்துச் செல்ல வேண்டி வந்தால், ஆட்டோமேட்டிக் வண்டியையும் நான்கு சக்கர உந்து வண்டியையும் கயிறு கட்டி இழுக்க விடாமல், முழு வண்டியும் மேலே ஏறும் தட்டையான மீட்பு வண்டியையே வரவழையுங்கள்.